பெருக்கல் கடைசி வேலை: பல பின்னங்களைப் பெருக்கிச் சுருக்க முழுமையான வழிகாட்டி

இரண்டு பின்னங்களைப் பெருக்கச் சொன்னால் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. மூன்று, நான்கு என்று வரிசையாக வந்தால்தான் சிக்கல். சேலத்தில் மாலை நேரங்களில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் பள்ளிப் பிள்ளைகளும் சரி, டிஎன்பிஎஸ்சி தேர்வின் சுருக்குதல் கணக்குகளுக்காக வரும் பெரியவர்களும் சரி, பார்த்தவுடன் பெருக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மேலே 9450, கீழே 56700 என்று வந்து நிற்கும். அதைச் சுருக்க அரைப் பக்கம் போகும். நடுவில் எங்கோ ஒரு பூஜ்ஜியம் விடுபட்டிருக்கும்.

அவர்களுக்குப் பெருக்கத் தெரியாமல் இல்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான் கோளாறு. பெருக்கலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டால் பாதிக் கணக்கு மனக்கணக்காகவே முடிந்துவிடும். அந்த வரிசையைத்தான் இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் ஒரே எண்ணால் வகுத்துச் சிறிதாக்குவதுதான் அடித்தல். 2 1/4 என்று இடம் விட்டு எழுதியிருந்தால் அது இரண்டே கால் என்னும் கலப்பு பின்னம்.

1. உட்காருவதற்கு முன்

வாய்ப்பாடு தலைகீழாகவும் வரவேண்டும். 7 எட்டு 56 என்று சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது. 56-ஐப் பார்த்ததும் 7, 8 என்ற இரண்டும் மனதில் வரவேண்டும். இந்த வேலையில் நாம் எண்களைச் சேர்ப்பதைவிடப் பிரிப்பதுதான் அதிகம். 12-ஆம் வாய்ப்பாடு வரை இப்படி வந்துவிட்டால் பெரும்பாலான கணக்குகளுக்குப் போதும்.

வகுபடும் தன்மையில் நான்கு விதிகள் கைவசம் இருக்கட்டும். கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் 2-ஆல் வகுபடும். கடைசி இலக்கம் 0 அல்லது 5 என்றால் 5-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டி வருவது 3-ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 3-ஆல் வகுபடும். 9-க்கும் அதே கூட்டல் முறைதான்.

அப்புறம் நோட்டு. கோடு போட்ட நோட்டில் ஒரு பின்னத்துக்குக் குறைந்தது நான்கு வரி இடம் விடுங்கள். மேலே ஒரு வரி காலி, தொகுதி, பகுதி, கீழே ஒரு வரி காலி. அந்தக் காலி வரிகளில்தான் அடித்தபின் வரும் புதிய எண்கள் உட்காரும். தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரே வரியில் நெருக்கி எழுதுபவர்கள்தான் அதிகம் தவறு செய்கிறார்கள். ரப்பர் வேண்டாம். அழித்துவிட்டால் எங்கே தவறினோம் என்று திரும்பிப் பார்க்க வழியில்லை.

2. எல்லாவற்றையும் சாதாரணப் பின்னமாக மாற்றுங்கள்

பெருக்கல் வரிசைக்குள் கலப்பு பின்னம், முழு எண், தசமம் எதுவும் அப்படியே நுழையக்கூடாது.

கலப்பு பின்னத்துக்கு, முழு எண்ணைப் பகுதியால் பெருக்கித் தொகுதியைக் கூட்டுங்கள். 2 1/4 என்பது 9/4. 1 1/3 என்பது 4/3.

இதை ஏன் முதலிலேயே செய்ய வேண்டும்? மாற்றாமல் விட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 2 1/4 × 1 1/3 என்ற கணக்கில் முழு எண்ணை முழு எண்ணோடும், பின்னத்தைப் பின்னத்தோடும் பெருக்கி 2 1/12 என்று எழுதுவது எல்லா வகுப்பிலும் நான் பார்க்கும் தவறு. சரியான விடை 9/4 × 4/3 = 3. விடுபட்டது எங்கே? இரண்டே காலை ஒன்றே மூன்றில் ஒன்றால் பெருக்கினால் நான்கு துண்டுகள் வரும்: 2 × 1 = 2, 2 × 1/3 = 2/3, 1/4 × 1 = 1/4, 1/4 × 1/3 = 1/12. பிள்ளைகள் முதல் துண்டையும் கடைசித் துண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு நடுவில் உள்ள இரண்டை விட்டுவிடுகிறார்கள். நான்கையும் கூட்டினால் சரியாக 3 வருகிறது. ஒரு செவ்வகம் வரைந்து இந்த நான்கு துண்டுகளைக் காட்டிவிட்டால் அந்தத் தவறு பெரும்பாலும் திரும்ப வருவதில்லை.

முழு எண்ணுக்குக் கீழே 1 போடுங்கள். 75 என்பது 75/1. தேவையில்லாத வேலை மாதிரித் தெரியும். ஆனால் போடாவிட்டால் 75 மேலேயா கீழேயா என்ற சந்தேகம் வந்துவிடும். சிலர் 75-ஐ மேலும் கீழும் பெருக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் மதிப்பு மாறவே மாறாது, 75-ஆல் பெருக்கியதே வீணாகிவிடும்.

தசமமும் சதவீதமும் அப்படித்தான். 0.75 என்றால் 3/4, 0.125 என்றால் 1/8, 12.5 சதவீதமும் அதே 1/8.

அடைப்புக்குறிக்குள் கூட்டலோ கழித்தலோ இருந்தால் அதையும் இந்தக் கட்டத்திலேயே முடித்து ஒரே பின்னமாக்குங்கள். (1 − 1/3) என்று இருந்தால் 2/3 என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த அடி.

3. வகுத்தல் குறி இருந்தால் இப்போதே திருப்புங்கள்

÷ குறிக்கு அடுத்து நிற்கும் பின்னம் மட்டும் தலைகீழாகும். அதற்கு முன்னால் இருப்பதும் மாறாது, பின்னால் × போட்டு வருவதும் மாறாது.

5/8 × 3/10 ÷ 9/16 × 2/3 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். திருப்பியதும் 5/8 × 3/10 × 16/9 × 2/3 ஆகும். விடை 2/9. ஆனால் ÷ வந்தபின் வரும் எல்லாவற்றையும் திருப்ப வேண்டும் என்று நினைத்து 2/3-ஐயும் 3/2 ஆக்கினால் 1/2 வந்துவிடும். பெருக்கலும் வகுத்தலும் கலந்து வந்தால் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். கடைசியில் உள்ள 2/3 பெருக்கத்தான் வந்திருக்கிறது. அதைத் திருப்பினால் பெருக்க வேண்டியதை வகுத்ததாகிவிடும்.

திருப்புவதை இரண்டாம் படிக்குப் பிறகு வைத்ததற்கும் காரணம் உண்டு. ÷ 2 2/3 என்று இருக்கும்போது அவசரப்பட்டுப் பின்னப் பகுதியை மட்டும் திருப்பி 2 3/2 என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். முதலில் 8/3 ஆக்குங்கள், பிறகு 3/8 ஆகத் திருப்புங்கள். முன்பின் மாறக்கூடாது.

அடிக்கிற வேலையும் திருப்பி முடித்தபிறகுதான். ÷ குறியைத் தாண்டி மேல் கீழ் பார்த்து அடித்துவிட்டு, அப்புறம் திருப்பினால் விடை நிச்சயம் தப்பு.

4. குறியை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

கழித்தல் குறிகளை எண்ணுங்கள். இரட்டைப்படை என்றால் விடை மிகை, ஒற்றைப்படை என்றால் விடை குறை. விடைக்கான இடத்தில் அந்தக் குறியை இப்போதே எழுதி வைத்துவிட்டு, வரிசையிலிருந்து எல்லாக் கழித்தல் குறிகளையும் எடுத்துவிடுங்கள்.

(−2/3) × 9/10 × (−5/7) × (−14/15) என்பதில் மூன்று கழித்தல் குறிகள். எனவே விடை குறை எண். மீதி வேலை 2/3 × 9/10 × 5/7 × 14/15 மட்டுமே. அது 2/5, ஆக விடை −2/5. குறியை ஒவ்வொரு அடியிலும் தூக்கிக்கொண்டே போனால் நடுவில் ஒன்று தவறிவிடும்.

தொகுதிகளில் எங்காவது 0 இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். இருந்தால் விடை 0, பேனாவை மூடிவிடலாம்.

5. ஒரே நீளக் கோடு

இப்போது எல்லாத் தொகுதிகளையும் ஒரே நீளக் கோட்டுக்கு மேலே × போட்டு எழுதுங்கள். எல்லாப் பகுதிகளையும் கீழே எழுதுங்கள். எழுதினால் போதும், பெருக்கிவிடாதீர்கள்.

14/45 × 27/35 × 25/36 என்ற கணக்கு இப்படி ஆகும்:

(14 × 27 × 25) / (45 × 35 × 36)

இந்த ஒரு வரியைத் தாண்டிக் குதிப்பவர்கள் அதிகம். ஆனால் பிள்ளைகளுக்கு இருக்கும் பெரிய சந்தேகம் இந்த வரியில்தான் தீர்கிறது. “மிஸ், இந்த 14 அந்தப் பின்னத்தில் இருக்கு, 35 இன்னொரு பின்னத்தில் இருக்கு. எப்படி அடிக்கலாம்?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பெருக்கலில் எண்களை இடம் மாற்றலாம். கீழே 45-ஐயும் 35-ஐயும் இடம் மாற்றி எழுதினால் அதே கணக்கு 14/35 × 27/45 × 25/36 ஆகிவிடும். இப்போது 14/35 ஒரே பின்னம், அதை 2/5 என்று சுருக்குவதில் யாருக்கும் தயக்கமில்லை. குறுக்காக அடிப்பது என்பது இவ்வளவுதான். தனி விதி ஒன்றும் இல்லை.

6. அடித்தல்: ஒழுங்காக, ஒரு சுற்று

கணக்கின் உயிர் இந்தப் படிதான். பொறுமையாகப் படியுங்கள்.

மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டையும் ஒரே எண்ணால் வகுக்க வேண்டும். கண்ணில் பட்டதை எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக அடிக்காமல் இப்படிச் செய்யுங்கள்: முதல் தொகுதியை எடுத்து, கீழே உள்ள ஒவ்வொரு பகுதியோடும் வரிசையாக ஒப்பிடுங்கள். பொதுக் காரணி இருந்தால் மீப்பெரு பொதுக் காரணியாலேயே வகுத்துவிடுங்கள். எல்லாப் பகுதிகளையும் பார்த்து முடித்த பிறகே இரண்டாவது தொகுதிக்குப் போங்கள்.

மேலே உள்ள கணக்கில்:

14-ம் 45-ம்: பொதுவாக எதுவும் இல்லை.
14-ம் 35-ம்: 7. மேலே 2, கீழே 5.
அந்த 2-ம் 36-ம்: 2. மேலே 1, கீழே 18.
27-ம் 45-ம்: 9. மேலே 3, கீழே 5.
3-ம், 35 இருந்த இடத்தில் உள்ள 5-ம்: எதுவும் இல்லை.
3-ம் 18-ம்: 3. மேலே 1, கீழே 6.
25-ம், 45 இருந்த இடத்தில் உள்ள 5-ம்: 5. மேலே 5, கீழே 1.
அந்த 5-ம், 35 இருந்த இடத்தில் உள்ள 5-ம்: 5. மேலே 1, கீழே 1.
1-ம் 6-ம்: வேலை முடிந்தது.

மேலே 1 × 1 × 1, கீழே 1 × 1 × 6. விடை 1/6. பெருக்கலே வரவில்லை.

மூன்று பின்னங்கள் என்றால் மூன்று மேல், மூன்று கீழ், மொத்தம் ஒன்பது ஒப்பீடுகள். ஒவ்வொரு ஜோடியிலும் மீப்பெரு பொதுக் காரணியால் வகுத்திருந்தால் இந்த ஒரு சுற்றோடு கணக்கு முழுவதும் சுருங்கிவிடும், மறுபடி சுற்றத் தேவையில்லை. காரணம், அடுத்தடுத்து அடிக்கும்போது எண்களிலிருந்து காரணிகள் குறையத்தான் செய்யும், புதிதாக எதுவும் வந்து சேராது. ஏற்கெனவே பொதுக் காரணி இல்லை என்று பார்த்துவிட்ட ஜோடிக்கு மறுபடி பொதுக் காரணி முளைக்காது. மீப்பெரு காரணி சட்டென்று தெரியவில்லையா? சிறியதால் இரண்டு மூன்று முறை வகுங்கள், அந்த ஜோடியைத் தீர்த்துவிட்டு நகருங்கள். 24-ஐயும் 36-ஐயும் 2-ஆல் வகுத்து 12, 18 என்று விட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குத் தாவுவதுதான் கூடாது.

எழுதும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய எண்ணின் மேல் சாய்வாக ஒரே ஒரு மெல்லிய கோடு. தொகுதியின் புதிய எண்ணை அதற்கு மேலே எழுதுங்கள், பகுதியின் புதிய எண்ணை அதற்குக் கீழே எழுதுங்கள். பக்கத்தில் எழுதாதீர்கள். 14-ஐ அடித்துவிட்டு அதன் வலப்பக்கத்தில் 2 எழுதினால், அடுத்து வரும் 27-ஓடு ஒட்டிக்கொண்டு 227 போலத் தெரியும். பிள்ளைகளின் நோட்டில் இப்படிப் பிறந்த எண்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தப் படியில் வரும் தவறுகள்:

மேலே இருக்கும் இரண்டையே ஒன்றோடொன்று அடிப்பது. 6/7 × 9/11 என்பதில் 6-ஐயும் 9-ஐயும் 3-ஆல் வகுத்து 2, 3 ஆக்குவது. இரண்டும் மேலே இருப்பவை. இப்படிச் செய்தால் 54/77 என்ற விடை 6/77 ஆகி, ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மேலே 3-ஆல் வகுத்தால் அதை ஈடு செய்யக் கீழேயும் 3-ஆல் வகுக்க வேண்டும், அதற்குத்தான் மேல் கீழ் ஜோடி.

பழைய எண்ணையே மறுபடி எடுப்பது. 2/7 × 4/5 × 3/8 என்ற கணக்கில் 4-ஐயும் 8-ஐயும் 4-ஆல் வகுத்தால் 8 இருந்த இடத்தில் 2. இனி அந்த இடத்தில் இருப்பது 2 மட்டும்தான். ஆனால் சிலர் அடித்த 8-ஐயே மறுபடி பார்த்து, முதல் தொகுதி 2-ஓடு சேர்த்து வகுத்து 4 என்று எழுதுவார்கள். விடை 3/140 ஆகிவிடும். சரியான விடை 3/35. அடித்த எண்ணை இனி பார்க்கவே கூடாது.

1-ஐ எழுதாமல் விடுவது. 25-ஐ 25-ஆல் அடித்தால் மிஞ்சுவது 1, பூஜ்ஜியம் அல்ல. மேலே எல்லாமே அடிபட்ட கணக்கில் ஒன்றும் எழுதாமல் விட்டால் கீழே இருக்கும் 6 மட்டும் கண்ணில் படும், விடை 6 என்று எழுதிவிடுவார்கள். 1/6-க்கும் 6-க்கும் 36 மடங்கு வித்தியாசம். சிறிய 1 ஆனாலும் எழுதுங்கள்.

இலக்கத்தை அடிப்பது. 16/64-இல் மேலும் கீழும் இருக்கும் 6-ஐ அடித்தால் 1/4 வரும். விடை சரி, வழி தப்பு, தற்செயலாக அமைந்தது. அதே முறையில் 12/24-இல் 2-ஐ அடித்தால் 1/4 வரும், உண்மை விடை 1/2. 30/50-இல் கடைசி பூஜ்ஜியத்தை அடிப்பது சரி, ஏனென்றால் அது 10-ஆல் வகுப்பது. ஆனால் 105/205-இல் நடுவில் உள்ள பூஜ்ஜியத்தை எடுத்து 15/25 என்று எழுதக்கூடாது. 105/205 என்பது 21/41.

7. கண்ணுக்குத் தெரியாத காரணிகள்

தேர்வுக் கணக்குகளில் எண்களை வேண்டுமென்றே மறைத்து வைப்பார்கள். 51, 57, 87, 91, 119, 133, 143. பார்த்தால் பகா எண் மாதிரி இருக்கும். 51 = 3 × 17. 57 = 3 × 19. 87 = 3 × 29. 91 = 7 × 13. 119 = 7 × 17. 133 = 7 × 19. 143 = 11 × 13. இவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள். மனப்பாடத்தை எல்லா இடத்திலும் நான் சொல்வதில்லை, இங்கே அது லாபம்.

51/91 × 26/34 × 49/57 என்று வந்தால் ஒப்பீட்டு முறையைவிடப் பகாக் காரணிகளாகப் பிரித்து எழுதுவதே மேல்:

மேலே: 3 × 17 × 2 × 13 × 7 × 7
கீழே: 7 × 13 × 2 × 17 × 3 × 19

3, 17, 2, 13, ஒரு 7 எல்லாம் ஜோடி ஜோடியாகப் போய்விடும். மேலே ஒரு 7, கீழே 19. விடை 7/19. பெருக்கிவிட்டுச் சுருக்கலாம் என்று போயிருந்தால் 64974/176358 என்ற பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

காரணி தெரியாத ஜோடிக்கு இன்னொரு வழி: பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். இரண்டு எண்களுக்கும் பொதுவான காரணி எதுவாக இருந்தாலும் அது வித்தியாசத்தையும் வகுக்கும். 187-ம் 221-ம் வந்தால் வித்தியாசம் 34, அதாவது 2 × 17. இரண்டும் ஒற்றைப்படை, ஆக 2 கிடையாது. 17 மட்டும் சோதித்தால் போதும். 187 = 11 × 17, 221 = 13 × 17. எனவே 11/13. வித்தியாசம் 1 என்று வந்தால் பொதுக் காரணியே இல்லை என்று நிம்மதியாக நகரலாம்.

8. இப்போது பெருக்குங்கள்

மேலே மிஞ்சியதை மேலே, கீழே மிஞ்சியதை கீழே. தொகுதி பெரிதாக இருந்தால் கேள்வி எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். கலப்பு பின்னமாகக் கேட்டால் மாற்றுங்கள், 5/2 என்பது 2 1/2. நான்காம் படியில் எழுதி வைத்த குறியைச் சேருங்கள்.

9. விடையைச் சோதிப்பது

எல்லாப் பின்னங்களும் 1-ஐவிடச் சிறியவை என்றால் விடை அவற்றில் மிகச் சிறியதைவிடவும் சிறியதாக இருக்க வேண்டும். முக்காலில் அரை எடுத்தால் அரையைவிடக் குறையத்தானே வேண்டும். இந்த ஒரு சோதனையே நிறையப் பிழைகளைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது தோராயம். 14/45 என்பது ஏறக்குறைய 1/3. 27/35 என்பது 3/4-க்குப் பக்கம். 25/36 என்பது 2/3-க்குப் பக்கம். 1/3 × 3/4 × 2/3 = 1/6. நம் விடையும் 1/6. எப்போதும் இவ்வளவு கச்சிதமாக வராது, பக்கத்தில் வந்தாலே போதும்.

10. கூட்டல் குறி நுழைந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

அடித்தல் பழகிய பிறகு வரும் நோய் இது. கண்ட இடத்தில் எல்லாம் அடிக்கத் தோன்றும். 2/3 + 3/4 என்பதில் கீழே 3, மேலே 3 என்று அடித்துவிட்டு 2/4 என்று எழுதுவார்கள். 2/3-ஓடு இன்னொரு பின்னத்தைக் கூட்டி, அரைக்கு இறங்க முடியுமா? உண்மை விடை 17/12. அடிப்பது பெருக்கலுக்கு மட்டுமே சொந்தம். (3 + 4) / (3 × 5) என்று இருந்தாலும் 3-ஐ அடிக்கக்கூடாது, மேலே இருப்பது 7 என்ற ஒரே எண்.

அடைப்புக்குறிகள் வரிசையாக வரும் கணக்கில் இதை நினைவில் வையுங்கள். (1 − 1/2)(1 − 1/3)(1 − 1/4) என்று (1 − 1/10) வரை போகும் கணக்கைப் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வொரு அடைப்பையும் முடித்தால் 1/2 × 2/3 × 3/4 × … × 9/10. ஒன்றின் தொகுதி முந்தையதன் பகுதியை அடித்துக்கொண்டே போகும். மிஞ்சுவது முதல் தொகுதியும் கடைசிப் பகுதியும், விடை 1/10. கழித்தலுக்குப் பதில் கூட்டல் போட்டு (1 + 1/2) முதல் (1 + 1/9) வரை கேட்டால் 3/2 × 4/3 × … × 10/9, இங்கே முதல் பகுதியும் கடைசித் தொகுதியும் மிஞ்சும், 10/2 = 5.

11. வாக்கியக் கணக்கில் பின்னத்தை எடுப்பது

அயோத்தியாபட்டணம் பக்கம் ஒரு தோப்பில் 240 கிலோ மாம்பழம் பறித்ததாக வைத்துக்கொள்வோம். அதில் 1/4 பங்கு அடிபட்டு வீணாகிறது. மீதியில் 1/3 பங்கை மண்டிக்கு அனுப்புகிறார்கள். அதிலும் மீதி இருப்பதில் 2/5 பங்கை உறவினர்களுக்குக் கொடுக்கிறார்கள். கையில் எவ்வளவு?

“மீதியில்” என்ற சொல்லைக் கவனிக்காமல் மூன்றையும் கூட்டினால் 59/60 போய்விட்டது, 1/60 மிச்சம், அதாவது 4 கிலோ என்று வரும். ஆனால் ஒவ்வொரு பங்கும் அந்தந்த நேரத்தில் இருப்பதிலிருந்துதான் போகிறது. ஆகவே போனதை எழுதாமல் நின்றதை எழுதுங்கள்: 3/4, 2/3, 3/5. இவற்றைப் பெருக்கினால் 3/10. 240 கிலோவில் 72 கிலோ. நாலு கிலோ எங்கே, எழுபத்திரண்டு கிலோ எங்கே! எண்ணைத் தொடுவதற்கு முன் வாக்கியத்தை இரண்டு முறை படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

“இல்” என்று வரும் இடம் பெரும்பாலும் பெருக்கல். 240-இல் 3/10 என்றால் 240 × 3/10.

இன்னொன்று ஏற்காட்டுக் காப்பி. சேர்வராயன் மலைத் தோட்டங்களில் பறித்த காப்பிப் பழம் நம் டம்ளருக்கு வருவதற்குள் எடை பல இடங்களில் இறங்கும். அராபிகா பழத்தின் தோலையும் சதையையும் நீக்கி, கழுவி, உலர்த்தினால் சுமார் 1/5 பங்கு பார்ச்மென்ட் கொட்டையாக, அதாவது மெல்லிய ஓடு மூடிய கொட்டையாகத் தேறும். அந்த மெல்லிய ஓட்டையும் எடுத்தால் அதில் சுமார் 4/5 பங்கு பச்சைக் கொட்டை. வறுக்கும்போது ஈரம் போய் அதில் சுமார் 5/6 பங்கு நிற்கும். ரகத்தையும் வறுக்கும் பதத்தையும் பொறுத்து இவை கொஞ்சம் கூடும் குறையும், கணக்குக்கு இதுவே போதும். 75 கிலோ பழத்துக்கு எவ்வளவு வறுத்த கொட்டை?

75/1 × 1/5 × 4/5 × 5/6

நீளக் கோட்டில்: மேலே 75 × 1 × 4 × 5, கீழே 1 × 5 × 5 × 6. 75-ஐயும் முதல் 5-ஐயும் அடித்தால் மேலே 15. 15-ஐயும் அடுத்த 5-ஐயும் அடித்தால் மேலே 3. 3-ஐயும் 6-ஐயும் அடித்தால் மேலே 1, கீழே 2. 4-ஐயும் அந்த 2-ஐயும் அடித்தால் மேலே 2. மிஞ்சியவை மேலே 1 × 1 × 2 × 5 = 10, கீழே 1. பத்து கிலோ.

தோட்டக்காரருக்குத் தினமும் இந்தக் கணக்கு தேவை என்றால் 75-ஐ விட்டுவிட்டு 1/5 × 4/5 × 5/6 = 2/15 என்று ஒருமுறை போட்டு வைத்துக்கொள்ளலாம். பழத்தின் எடையை 2/15-ஆல் பெருக்கினால் வறுத்த கொட்டை. வறுத்த கொட்டை இவ்வளவு வேண்டும் என்றால் அதை 2/15-ஆல் வகுத்துப் பழத்தின் எடையைப் பெறலாம்.

12. போட்டுப் பாருங்கள்

விடையைப் பார்க்காமல், நீளக் கோட்டு வரியைத் தவிர்க்காமல் போடுங்கள்.

(அ) 7/12 × 18/35 × 10/9
(ஆ) 3 1/5 × 1 7/8 × 2/9
(இ) 38/51 × 85/57 × 27/20
(ஈ) (−4/9) ÷ 2 2/3 × (−15/7)
(உ) (1 − 1/3)(1 − 1/4)(1 − 1/5) … (1 − 1/12)
(ஊ) மேலே சொன்ன அளவுகளின்படி 24 கிலோ வறுத்த காப்பிக்கொட்டைக்கு எத்தனை கிலோ பழம் வேண்டும்?

விடைகள்: (அ) 1/3. (ஆ) 1 1/3. (இ) 1 1/2. இதில் 17-ம் 19-ம் ஒளிந்திருந்தன. (ஈ) 5/14. குறை எண் வந்திருந்தால் நான்காம் படியைப் பாருங்கள், 7/90 வந்திருந்தால் மூன்றாம் படியைப் பாருங்கள், கடைசிப் பின்னத்தையும் திருப்பியிருப்பீர்கள்; 160/63 என்றால் 8/3-ஐ 3/8 ஆகத் திருப்பாமலே பெருக்கியிருப்பீர்கள். (உ) 1/6. 2/12 என்று நிறுத்தியிருந்தால் கடைசிச் சுருக்கல் பாக்கி. (ஊ) 180 கிலோ.